நாள் தள்ளும் மாத்திரை

என் எழுத்து கோணலாக இருக்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஐந்தாவது வரை படித்தேன். அதற்கப்புறம் நான் அதிகமாக எழுதியது ரத்தக் குழாய்களின் மேல் ஒட்டும் சீட்டில் பெயர், வயது, நாள், இவைதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று லேபுக்குப் பொறுப்பாக இருக்கும் பத்மா, பிழைகளைத் திருத்தித் தானே கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். எழுத்தைத் திருத்தட்டும், நடந்ததைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரி வேங்கிக்கால் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போனபோது, டிப்ளமோ படித்தவர்கள்தான் இனி ஊசியைத் தொடலாம் என்று சொல்லிவிட்டார்கள். சரியான சட்டம்தான். அது முன்பே இருந்திருந்தால் சில பேருக்கு நல்லதாகப் போயிருக்கும். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு ஒரு சால்வை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். பத்மா மட்டும் விடவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லாததை நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்று மூன்று தடவை வீட்டுக்கு வந்து கேட்டாள்.

புத்தகத்தில் இல்லாததாக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதையும் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் இந்த ஆஸ்பத்திரிக்குப் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு வந்தேன். அப்போது அது செங்கம் ரோட்டில் ஒரு மாடி வீடு. ஒரு வருடம் பெருக்கினேன். இரண்டு வருடம் வாசலில் சீட்டு கொடுத்தேன். அப்புறம் ஒரு நர்சம்மா ரப்பர் குழாயில் ஊசி குத்தக் கற்றுக்கொடுத்தார். என் கை நடுங்கவில்லை என்பதைப் பார்த்து டாக்டரம்மா லேபில் வைத்துக்கொண்டார். என் படிப்பு அவ்வளவுதான்.

குழந்தை இல்லை என்று வருகிற பெண்களுக்கான ஆஸ்பத்திரி அது. நான் பெண்களிடம் முகம் பார்த்துப் பேசத் தெரியாதவன். என் மனைவியிடமே கல்யாணமாகி ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை. அதனால் ரத்தம் எடுக்க வருகிறவர்களின் கையை மட்டும் பார்ப்பேன். முழங்கையின் உள்பக்கம், நரம்பு ஓடும் விதம், வளையல், பச்சை குத்தியது, சூடுபட்ட தழும்பு, இவைதான் எனக்கு ஆள் அடையாளம். முகம் தெரியாது. பதினைந்து வருடம் வந்த ஒரு அம்மாவை மார்க்கெட்டில் பார்த்துத் தெரியாமல் போயிருக்கிறேன். அவர் திமிர் என்று நினைத்துக்கொண்டார்.

ஹார்மோன் பரிசோதனை மற்ற ரத்தப் பரிசோதனை மாதிரி இல்லை. சர்க்கரை பார்க்க வேண்டுமென்றால் எந்த நாளில் எடுத்தாலும் சர்க்கரைதான். இது நாள் கணக்கு. சிலது மாதவிலக்கின் இரண்டாம் நாள் எடுக்க வேண்டும், சிலது அடுத்த விலக்குக்கு ஒரு வாரம் முன்னால். எடுத்த ரத்தத்தைக் குலுக்கக் கூடாது. உறையும் வரை நிறுத்திவைக்க வேண்டும். அப்புறம் மெஷினில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் தண்ணீரை மட்டும் சின்னக் குப்பிக்கு மாற்ற வேண்டும். அந்தக் காலத்தில் ஹார்மோன் மெஷின் இந்த ஊரில் கிடையாது. குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி வேலூர் பஸ்ஸில் நான்தான் கொண்டுபோவேன். பெட்டியைக் கீழே வைத்தால் என்ஜின் சூடு ஏறும், மேலே வைத்தால் குலுங்கும். மடியில்தான். கண்டக்டர்களுக்கு என்னைத் தெரியும். "இன்னிக்குப் பால் ஐஸா, சேமியா ஐஸாய்யா?" என்று கேட்பார்கள். பஸ்ஸே சிரிக்கும். நான் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குள்ளமானவர். நூல் புடவைதான் கட்டுவார். மைப் பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்னால் செருகிக்கொண்டு, ஆளைப் பார்க்காமல் கார்டைப் பார்த்துக்கொண்டேதான் கேள்வி கேட்பார். அவர் அறைக்கும் லேபுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். மூன்று கேள்விகள் எனக்கு மனப்பாடம். கடைசியாக எந்தத் தேதியில் தலைக்கு ஊற்றிக்கொண்டாய்? எத்தனை நாள் இருந்தது? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? கோபம் வந்தால் அவர் குரல் உயராது. பேனாவின் பின்னாலிருந்து மூடியை எடுத்து முன்னால் மூடுவார். டிக்கென்று ஒரு சத்தம். திரைக்கு இந்தப் பக்கம் நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

என்னிடம் அவர் ஒரு தடவை சொன்னார்: "ஏகாம்பரம், நாள் தப்பா எடுத்தியானா ரிப்போர்ட் சரியாத்தான் வரும். ஆனா அந்தப் பொண்ணுதான் தப்பாயிடுவா."

வருகிற பெண்களுக்கு ஹார்மோனை அவர் விளக்குவதும் ஒரே மாதிரிதான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது, அங்கிருந்து தாலுகா ஆபீசுக்கு உத்தரவு போகிறது, தாலுகா ஆபீஸ் வேலையை முடித்து, முடிந்தது என்று பதில் அனுப்புகிறது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது, அது கலெக்டர். கீழே முட்டைப்பை, அது தாலுகா. உத்தரவும் பதிலும் ரத்தத்தில்தான் போய் வருகின்றன. எது வரவில்லை என்று பார்க்கத்தான் இந்த ஊசி. இதைக் கேட்டால் எப்படிப்பட்ட பெண்ணும் தலையாட்டுவாள். தாலுகா ஆபீசுக்கு அலையாதவர் யார்?

அமுதா வந்தது அந்த நாட்களில்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. கல்யாணமாகி நாலு வருடம். சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா வீடு எங்கள் அடி அண்ணாமலைக்குப் பக்கத்து ஊர். மாதவிலக்கு அவளுக்குச் சில மாதம் முப்பத்தைந்து நாளில் வரும், சில மாதம் நாற்பது ஆகும். அதற்கு மேல் ஒரு குறையும் இல்லை. இடது முழங்கையின் உள்பக்கம் ஒரு பெரிய மச்சம், அதை உரசிக்கொண்டு சாய்வாக ஓடும் ஒரு நரம்பு. முதல் குத்திலேயே ரத்தம் வந்துவிடும். எங்களுக்கு அது நல்ல கை.

நல்ல வாயும்கூட. இரண்டாவது தடவை வந்தபோதே என்னைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணா, நீங்க என் மூஞ்சியைப் பார்த்ததே இல்லதானே?"

நான் பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு ரோட்ல பார்த்தா நான் கையை நீட்டினாத்தான் உங்களுக்குத் தெரியும்போல."

நர்சுகள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் கோபம் வரவில்லை.

கூட வருவது மாமியார் பச்சையம்மாள்தான். கணவன் குமரேசன் வந்ததில்லை. அவனையும் கூட்டிவர வேண்டும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொன்னார். "அவனுக்கு என்னாங்க, மலையாட்டம் கீறான். டிராக்டர் ஓட்டறான், நாலு ஏக்கர் நடவு பார்க்கறான்" என்றாள் பச்சையம்மாள். டாக்டரம்மா கார்டின் மூலையில் சிவப்பு மையில் 'கணவர்?' என்று எழுதினார். ஒவ்வொரு மாதமும் அந்த வார்த்தைக்குக் கீழே ஒரு கோடு சேரும்.

பச்சையம்மாள் கெட்டவள் இல்லை. இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். பேரன் வேண்டுமென்று பதினோரு பௌர்ணமி விடாமல் மருமகளோடு மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். கிரிவலம் முடித்து, கோபுரத்தைக் கும்பிட்டு, மறுநாள் காலையில் அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்கள். ஒரு பஸ், இரண்டு வேலை. இப்படி வருகிறவர்கள் எங்களுக்கு நிறைய உண்டு. விலக்கின் இரண்டாம் நாள் வாருங்கள் என்றால் அவர்களால் முடியாது. நடவு இருக்கும், அறுப்பு இருக்கும். நாளில் அவ்வளவு கண்டிப்பான டாக்டரம்மா அந்த ஒரு இடத்தில் இளகினார். சரி, வந்த நாளில் எடு, கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மூன்றாவது மாதம் என்று நினைக்கிறேன். பச்சையம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முந்தானையில் முடிந்திருந்த ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"தம்பி, இது பக்கத்து மெடிக்கல்ல ரெண்டு அட்டை வாங்கியாந்து குடு. அங்க ஆம்பளைங்களா நிக்கறாங்க. கேக்க வெக்கமா கீது."

அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் மச்சினி கல்யாணத்தின்போது என் மனைவிக்கு இதையேதான் வாங்கிவந்தேன். விலக்கு நாள் கல்யாணத்தில் வந்துவிடாமல் தள்ளிப்போடுகிற மாத்திரை. தீட்டோடு மலை சுற்றக் கூடாது. அமுதாவுக்கு நாள் முன்னே பின்னே வருவதால், எந்தப் பௌர்ணமியில் வந்து வேண்டுதல் அறுந்துவிடுமோ என்ற பயம். அதனால் அமாவாசை கழிந்ததும் ஆரம்பித்துப் பௌர்ணமி வரை கொடுத்துக்கொண்டிருந்தாள் பச்சையம்மாள். மாதத்தில் பாதி நாள்.

வைத்தியத்தில் இருக்கிற பெண் இதைச் சாப்பிடலாமா என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. கேட்க நான் யார் என்று அடுத்த நிமிடம் தோன்றியது. போய் வாங்கிவந்தேன். மெடிக்கலில் சீட்டு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சட்டை போட்ட ஆளிடம் யார் கேட்பார்கள்? தாளில் சுற்றிக் கொடுத்தான். நான் பச்சையம்மாளிடம் கொடுத்தேன். "நல்லா இருப்ப தம்பி" என்றாள்.

அதே காலையில் திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா கேட்டது எனக்குக் கேட்டது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? "ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அமுதா. அவள் பொய் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் சாப்பிடுவது மாத்திரை. இது அவர்களுக்குக் கோயில் சமாச்சாரம், தேங்காய் கற்பூரம் மாதிரி.

அடுத்த மாதமும் வாங்கிக் கொடுத்தேன். இந்தத் தடவை மனது கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் வார்த்தைகளைச் சேர்த்துப் பார்த்தேன். விலக்கு என்ற வார்த்தையை ஒரு பெண்ணிடம், அதுவும் டாக்டரம்மாவிடம், என் வாயால் எப்படிச் சொல்வது? நாள் தள்ளிப்போடுவது என்று சொல்லலாமா? பச்சையம்மாள் மாதிரி 'இது' என்று மட்டும் சொல்லலாமா? திரையை விலக்கிக்கொண்டு போய் நின்றேன். டாக்டரம்மா கார்டைப் பார்த்தபடியே, "என்ன?" என்றார்.

"ஐஸ் தீர்ந்துடுச்சுங்க" என்றேன்.

"அதுக்கு எங்கிட்ட ஏன் வர்ற? கடையில போய் வாங்கு."

ஐஸ் தீரவில்லை. இருந்தும் போய் வாங்கிவந்தேன்.

வேலூரிலிருந்து வந்த ரிப்போர்ட்டில் அமுதாவுக்கு எல்லாமே குறைவு. கலெக்டர் ஆபீஸ் உத்தரவும் இல்லை, தாலுகா பதிலும் இல்லை. அடுத்த மாதம் திரும்ப எடுக்கச் சொன்னார். அன்றும் பௌர்ணமிக்கு மறுநாள், அன்றும் நான் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தேன், அது மூன்றாவது தடவை. ரிப்போர்ட் இன்னும் மோசம். டாக்டரம்மா இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில் ஏதாவது கட்டி அழுத்திக்கொண்டிருக்கலாம், தலையை ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று பதமாகத்தான் சொன்னார். ஆனால் பச்சையம்மாள் காதில் 'தலை', 'கட்டி' என்ற இரண்டு வார்த்தைகள்தான் விழுந்தன.

அன்று இன்னொரு ரத்தம் கொடுக்க அமுதா என் எதிரில் உட்கார்ந்தபோது கேலி எதுவும் பேசவில்லை. ஊசியை எடுத்த பிறகுதான் மெல்லக் கேட்டாள்: "அண்ணா, எனக்குத் தலையில என்னா?"

நான் பஞ்சை வைத்து அழுத்தினேன். ஸ்கேன் பார்த்தால் தெரியும் என்றேன்.

அவர்கள் ஸ்கேனுக்குப் போகவில்லை. பச்சையம்மாள் மருமகளை நேராக அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். தலையில் கோளாறு உள்ள பெண்ணை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டீர்கள், ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் வரட்டும், இல்லையென்றால் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். எங்கள் வீடு கிரிவலப் பாதை ஓரம். பக்கத்து ஊர்ப் பேச்சு ஒரே நாளில் வந்துவிடும். என் மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். பாதியிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அடுத்த நாள் டாக்டரம்மா அமுதாவின் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தனக்குத்தானே பேசுவதுபோல, எங்கேயோ இடிக்கிறது என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நான்தான் வாங்கிக் குடுத்தேங்க."

"எதை?"

"கோயிலுக்குப் போறதுக்கு... நாள் தள்ளற மாத்திரைங்க."

மூடி டிக்கென்று மூடியது.

"எத்தனை தடவை?"

"மூணு தடவைங்க. அதுக்கு முன்னாடி அவங்களே வாங்கிக்கிட்டாங்க."

"நான் கேட்டேனே அவளை. ஒவ்வொரு தடவையும் கேட்டேனே."

"அவங்க அதை மாத்திரைன்னு நினைக்கலீங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மாத்திரையும் ஒரு ஹார்மோன்தான் என்று எனக்கு விளக்கினார். தாலுகாவிலிருந்து வர வேண்டிய பதிலைப் போலவே அது வெளியிலிருந்து போய் நிற்கும். வேலை முடிந்துவிட்டது என்று கலெக்டர் ஆபீஸ் உத்தரவை நிறுத்திவிடும். உத்தரவு இல்லாமல் முட்டை வளராது. குழந்தை வேண்டுமென்று மலை சுற்றினாள், மலை சுற்றுவதற்காகக் குழந்தை உண்டாகவிடாத மாத்திரையைச் சாப்பிட்டாள். அதை வாங்கித் தந்தது பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி ஆள்.

இரண்டு மாதம் எந்த மாத்திரையும் இல்லாமல், விலக்கின் இரண்டாம் நாள், அமுதாவின் அம்மா வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்துவரச் சொன்னார் டாக்டரம்மா. போனேன். மாட்டுக் கொட்டகை ஓரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஐஸ் பெட்டியோடு அங்கிருந்தே வேலூருக்குப் போனேன். அன்று கண்டக்டர் என்ன கேட்டான் என்று நினைவில்லை.

ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரி. முட்டை கொஞ்சம் தாமதமாக முதிர்கிறது, ஐந்து நாள் மாத்திரையில் சரியாகிவிடும், தலையில் ஒன்றும் இல்லை. அந்தப் பச்சைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நான் லேபில் தனியாகச் சிரித்தேன். அப்போதே அதை ஒரு நகல் எடுத்து அமுதாவிடம் கொடுத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை.

குமரேசன் வீட்டில் போனை எடுக்கவில்லை. டாக்டரம்மா அந்த ரிப்போர்ட்டை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார். "இதை அவங்க வீட்டுல குடு. அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு எடுத்துச் சொல்லு. தப்பு நம்ம மேலன்னும் சொல்லு. அப்புறம் அந்த வீட்டுக்காரர் ஒரு தடவை வந்து டெஸ்ட் பண்ணிக்கணும்னு சொல்லு. அதைத்தான் முக்கியமா சொல்லணும். புரியுதா?"

புரிந்தது. சேத்துப்பட்டு வரைக்கும் பஸ்ஸில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'நீங்க ஒரு தடவை வந்து டெஸ்ட் பண்ணிக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க.' எட்டு வார்த்தை. இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேறு பெண் பார்த்துவிட்டு வந்த கூட்டம் என்று அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. நடுவில் குமரேசன். நல்ல உயரம், மாநிறம், கையில் கிரீஸ் கறை. நான் கவரைக் கொடுத்து, அமுதாவுக்கு ஒன்றும் இல்லை, மாத்திரையால் வந்த குழப்பம் என்று எப்படியோ சொன்னேன். அவன் பிரித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினான்.

பச்சையம்மாள் தாளைத் தொடவில்லை. "எந்த மாத்திரை? நீ வாங்கிக் குடுத்தியே, அதுவா?" என்று கேட்டாள். "அன்னிக்குத் தலையில கட்டின்னீங்க. இன்னிக்கு ஒண்ணும் இல்லைங்கறீங்க. நாளைக்கு என்னா சொல்வீங்க? நாங்க காட்டு ஜனம் தம்பி, எங்களை வெச்சு விளையாடாதீங்க."

அவள் கேட்டதில் என்ன தவறு? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "வேற என்னா சொன்னாங்க டாக்டரம்மா?" என்று நல்லவிதமாகத்தான் கேட்டார்.

அதுதான் அந்த நேரம். எட்டு வார்த்தையும் தொண்டைக்கு வந்தது. ஏழெட்டு ஆண்களுக்கு நடுவில், புதுப் பெண் பேசி முடித்துவிட்டு வந்த ஒருவனிடம், உனக்குக் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா" என்றேன்.

சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். கவரைத் திரும்ப என் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள்.

எல்லாம் சொன்னாயா என்று டாக்டரம்மா கேட்டார். "சொல்லிட்டேங்க" என்றேன். 'கணவர்?' என்று இருந்ததைச் சிவப்பு மையில் அடித்து, 'சொல்லப்பட்டது' என்று எழுதினார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர்களை வைத்து அமுதாவிடம் விடுதலை எழுதி வாங்கிக்கொண்டு குமரேசனுக்கு வேறு கல்யாணம் செய்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, புது மாமனார் அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். வெளியூர் பஸ் ஓட்டுகிறவர், நாலு இடம் பார்த்தவர். முதலில் மாப்பிள்ளையைப் பாருங்கள், அப்புறம் என் பெண்ணுக்கு ஊசி போடுங்கள் என்று வாசலிலேயே சொன்னார்.

குமரேசன் கையை என் முன்னால் நீட்டினான். நான்தான் எடுத்தேன். நான்தான் சுற்றினேன். நான்தான் மடியில் வைத்து வேலூர் கொண்டுபோனேன். பதில் வந்தது. ஆண்களுக்கும் அதே கலெக்டர் ஆபீஸ்தான். அவனுக்கு மேலேயிருந்து உத்தரவு போய்க்கொண்டே இருந்தது, சாதாரணமாகப் போவதைவிடப் பல மடங்கு. கீழேயிருந்து பதிலே இல்லை. பதினாறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, விரை வீங்கி, இரண்டு வாரம் படுத்துக் கிடந்தானாம். வேப்பிலை கட்டினார்களாம். அவனும் பாவம்தான். அவனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அன்னைக்கே உங்களுக்குச் சொல்லி அனுப்பினேனே. ஏன் வரலை?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எனக்கா? எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலீங்களே."

திரைக்கு இந்தப் பக்கம் நான் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டிக் சத்தம் கேட்டது. திரை விலகவில்லை. என்னை அவர் கூப்பிடவும் இல்லை. அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் யாருக்கு என்ன சொல்ல வேண்டுமென்றாலும் கடிதம் எழுதித் தபாலில் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லை. வேலையை விட்டு மகனோடு சென்னைக்குப் போகும்வரை அப்படித்தான்.

ஒருவரின் ரிப்போர்ட்டை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. நல்ல விதி. அதற்குப் பின்னால் நான் பல வருடம் வசதியாக உட்கார்ந்திருந்தேன்.

சால்வை வாங்கிய பிறகு, ஆசிரமம் பக்கம் இருக்கும் தங்கும் விடுதிகளுக்குக் காலையில் பால் பாக்கெட் போடுகிறேன். போன மாதம் ஒரு விடுதியின் சமையல்கட்டு வாசலில் டிரேயை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். சப்பாத்தி மாவு ஒட்டிய ஒரு கை என் கண்ணுக்கு முன்னால் நீண்டது. மச்சம். சாய்வாக ஓடும் நரம்பு.

"தெரியுதா அண்ணா?"

தலையாட்டினேன். அங்கே ஐந்து வருடமாகச் சமைக்கிறாளாம். இரண்டு இடத்தில் பெண் கேட்டு வந்தார்களாம். தலைக் கோளாறு என்று யாராவது முன்னாலேயே போய்ச் சொல்லிவிடுவார்களாம். அம்மா இறந்துவிட்டாள். எல்லாவற்றையும் மாவைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஒண்ணும் இல்லைன்னு ஒரு தாள் வந்துச்சே அண்ணா. அதைப் பார்க்கவே இல்ல நான். எங்க அது?"

பழைய கட்டடத்தைக் காலி செய்தபோது கார்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் மூட்டை கட்டி எரித்துவிட்டார்கள். சொன்னேன்.

"சரி, போவட்டும்" என்றாள். அடுத்த உருண்டையை எடுத்துக்கொண்டே, "அங்க குழந்தை இருக்குதா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அவரைப் பார்த்தாங்களா?"

எனக்கு விதி தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் என்னையறியாமல் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். அத்தனை வருடத்தில் முதல் தடவை. நெற்றியில் மாவு, காதோரம் நரை.

"கையைத்தானே பார்ப்பீங்க நீங்க. இன்னிக்கு மூஞ்சியைப் பார்க்கறீங்க" என்றாள். அப்புறம் கையை இழுத்துக்கொண்டாள். "அவரையும் பார்க்கணும்னு அன்னிக்கே அந்த வாசல்ல சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?"

தண்ணீர் குடித்ததை அவளிடம் சொன்னேன். அதை மட்டும் சொன்னேன். அடுப்பில் சப்பாத்தி கருகிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய் அதைப் புரட்டினாள். இப்போது அந்த விடுதிக்கு வேறு ஆள் பால் போடுகிறான். அவளே அப்படிக் கேட்டுக்கொண்டாளாம்.

பத்மா, இன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் இருக்கும். பாதிப் பேர் மலை சுற்றிவிட்டு வந்தவர்கள். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்காதே, இல்லை என்றுதான் சொல்வார்கள். கோயிலுக்காக நாளைத் தள்ளிப்போட்டாயா என்று கேள். மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேள். கேட்கிறவன் ஆணாக இருந்தாலும் அதைக் கேட்கப் பழக்கு. வெட்கமாக இருக்கிறது என்று சொல்கிறவனை இந்த வேலையில் வைக்காதே.

எழுதி முடித்தது: பங்குனிப் பௌர்ணமிக்கு மறுநாள், காலை.